பசித்தடம்

அந்த மாதம் மணற்கோடி சுகாதார நிலையத்துக்கு எடை பார்க்க வந்த கர்ப்பிணிகள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேருக்கு எடை ஏறவில்லை. அந்த ஐவரில் ஒருத்திக்குக் குறைந்தே போயிருந்தது. அவள் தையல்நாயகியின் தம்பி மனைவி பரிமளா.

தையல்நாயகி எடை மேடையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். எண் மாறவில்லை. ஐந்தாம் மாதம். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. வாந்தியா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். பசிக்கவில்லையா என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தையல்நாயகி இரும்புச் சத்து மாத்திரை அட்டையை அவள் கையில் திணித்து அனுப்பிவைத்தாள்.

அன்று தையல்நாயகியால் உட்கார முடியவில்லை. சாதாரணமாகவே மதியத்துக்குமேல் அவளுக்குக் கால் ஓரிடத்தில் தங்காது. உடம்பின் கூறு அப்படி. ஒரு கைப்பிடிச் சோறு கூடினாலும் சர்க்கரை ஏறிவிடும், குறைந்தால் கை நடுங்கும். நடந்துகொண்டே இருந்தால்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். முப்பத்து மூன்று வயதில் அவள் நடக்கிற நடையைப் பார்த்து ஊரில் சிரிப்பார்கள். அன்று உப்பளத்து வரப்பில் போய்த் திரும்பி, மறுபடி போனாள்.

அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது. கார்த்திகை மாதம். வேதாரண்யத்துச் சாலை அறுந்து மணற்கோடி தனித்தீவாகிப்போனது. எழுபத்திரண்டு நாட்கள் கழித்துத்தான் முதல் அரிசிப் படகு வந்தது. அதுவரை ஊர் கருவாட்டையும் பனங்கிழங்கையும் தேங்காயையும் வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த எழுபத்திரண்டு நாளில் கருவில் இருந்து, பிறகு உயிரோடு பிறந்த பிள்ளைகள் முப்பத்தொரு பேர். வெள்ளப் பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பெயர்.

அந்தப் பிள்ளைகள் இருபது வயதைத் தொட்டபோது ஆழிவளம் நிறுவனம் கரைக்கு வந்தது. கடலின் அடியில் தளம் அமைத்து உலோக உருண்டைகளை வாரி எடுக்கிற நிறுவனம். தளத்துக்கு இறங்குகிறவர்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் மேலே வருவார்கள். சோறு தண்ணீர் எல்லாம் மேலிருந்துதான் இறங்க வேண்டும். ஒருமுறை புயலால் ஐம்பது நாள் எதுவும் இறங்கவில்லை. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் எலும்பும் தோலுமாகிப் போனார்கள். மூன்று பேர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேரும் மணற்கோடியின் வெள்ளப் பிள்ளைகள். நிறுவனத்து மருத்துவர்கள் அவர்களுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள்; கருவில் பட்ட பட்டினி உடம்பில் விட்டுப்போன அடையாளத்துக்கு அப்போதுதான் பசித்தடம் என்ற சொல் பிறந்தது.

அதற்குப் பிறகு வெள்ளப் பிள்ளைகளைத் தேடித் தேடி எடுத்தார்கள். தளத்துக்கு இறங்குகிற சோற்றையும் பாதியாகக் குறைத்தார்கள். தையல்நாயகி இரண்டு முறை இறங்கினாள். இருபத்தொன்பதில் திரும்பியபோது ஊரில் முதல் மாடி வீடு அவளுடையது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வலது கண்ணில் மங்கல் ஆகியவையும் அவளுடையவை. நிறுவனம் அவளுக்குத் தடம் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, சுகாதார நிலையத்தில் வேலையும் வாங்கிக்கொடுத்தது. பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் தடமானியில் வைத்துப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். தடம் உள்ள பிள்ளைக்குப் பிறந்த அன்றே நிறுவனத்தில் பெயர் ஏறிவிடும். நாகப்பட்டினத்தில் நல்ல பள்ளிக்கூடம், குடும்பத்துக்கு வைத்தியம், இருபது வயதில் வேலை. நான்கு வருடமாகப் பதிவு நடக்கிறது. வெள்ளம் வராத ஊரில் தடம் எங்கிருந்து வரும்? மொத்தமே இரண்டு பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. இரண்டுமே மசக்கையில் ஒரு வாய்ச் சோறு தங்காமல் தவித்த தாய்மாரின் பிள்ளைகள்.

தடம் எப்படி விழுகிறது என்பதை அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்துதான் ஊர் தெரிந்துகொண்டிருக்கிறது என்பது தையல்நாயகிக்கு அன்று வரப்பில் நடக்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் தம்பி குழகனைப் பார்க்க உப்பளத்துக்குப் போனாள். அவளைவிட நான்கு வயது இளையவன். இயந்திரம் வாரிப்போட்ட உப்புக் குவியலை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். பரிமளா சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். அவன் நிமிரவில்லை. கைப்பேசியில் ஓர் அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது என்றான். எந்த மாதத்தில் எத்தனை நாள், எந்த வேளையில் எவ்வளவு கஞ்சி, மயக்கம் வந்தால் எவ்வளவு வெல்லத் தண்ணீர் என்று எல்லாம் அதில் இருக்கிறதாம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் ஐந்தாறு பேர் பின்பற்றுகிறார்கள். அவனுக்குத் தெரிந்துதான் நடக்கிறது.

"இது தப்புன்னு ஒனக்குத் தோணலயாடா?"

குழகன் மண்வெட்டியை ஊன்றினான்.

"நான் ரெண்டு தடவ மனு போட்டேன். ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு ஒனக்குத் தடம் இல்லன்னுட்டான். அம்மா ஒன்ன வயித்துல வச்சுருந்தப்ப பட்டினி கெடந்துச்சு. என்ன வச்சுருந்தப்ப நல்லா தின்னுச்சு. அதனால நான் உப்பு வார்றேன். இதுல எது தப்புன்னு நீயே சொல்லுக்கா."

அவளிடம் பதில் இருந்தது. தன் வாழ்நாளில் ஒருநாளும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கட்டிய சின்ன வீட்டின் பக்கத்தில்தான் அவளுடைய மாடி வீடு நின்றது. வரப்பில் ஏறித் திரும்பி நடந்தாள்.

பரிமளா மன்னார்குடிக்காரி. வயல் பக்கத்துப் பெண். எதையும் காரணம் கேட்டுத்தான் செய்வாள். அன்று மாலை தையல்நாயகி போனபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை குழகனுக்கு. அவளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஓரமாக மூடியிருந்தது. தையல்நாயகி அட்டவணையைப் பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை. கைப்பேசியை எடுத்து அவளே காட்டினாள்.

"தடம்னா என்னன்னு தெரிஞ்சுதான் செய்றியா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"தெரிஞ்சவரைக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க அண்ணி."

தையல்நாயகி வாசலுக்கு அப்பால் தெரிந்த உப்புப் பாத்திகளைக் காட்டினாள். "அந்தா பாரு. எல்லாப் பாத்திக்கும் ஒரே வாய்க்கா. ஒரே தண்ணி. ஆனா எந்த மடையில பலகை போட்டுருக்கு, எதுல எடுத்துருக்குங்கறதப் பொறுத்துதான் எந்தப் பாத்தி நெறையும், எது காயும்னு இருக்கு. மரபணு வாய்க்கா மாதிரி. அத யாரும் மாத்த முடியாது. பலகைய மாத்தலாம். தாய் என்ன சாப்புடறாங்கறத வச்சு, வயித்துல இருக்கற புள்ளையோட உடம்பு பலகை போட்டுக்குது. சோறு வரலன்னா, ஓ, வெளியில பஞ்சம் போலன்னு முடிவு பண்ணி எல்லா மடையையும் அதுக்கேத்த மாதிரி அடைச்சுக்குது. பொறந்ததுக்கப்பறம் அந்தப் பலகைய லேசுல எடுக்க முடியாது."

"நல்லதுதானே? கொஞ்சமா தின்னு நல்லா இருக்கும்."

"பஞ்சத்துல நல்லா இருக்கும். ஆனா பொறக்கறது பஞ்சத்துல இல்லையே. நீயும் நானும் சாப்புடற சாப்பாட்ட அது சாப்புட்டா, அடைச்ச மடையில வெள்ளம் வந்த மாதிரி. கல்லீரல், சிறுநீரகம், கண்ணு, காலு எல்லாத்தையும் ஒடச்சுக்கிட்டுப் போகும். எனக்குப் போய்க்கிட்டு இருக்கு."

பரிமளா இன்னொரு கீரைக் காம்பைக் கிள்ளினாள்.

"ஆனா நீங்க இந்த ஊருல எல்லாரையும்விட நல்லா இருக்கீங்க அண்ணி" என்றாள். குரலில் பொறாமை இல்லை. கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோல் சொன்னாள். "உங்களுக்குத் தானா கெடைச்சது. எம் புள்ளைக்கு நான் கஷ்டப்பட்டுக் குடுக்கறேன். தாய்னா அதுதானே."

தையல்நாயகிக்கு அங்கிருந்து எழுந்தது நினைவிருக்கிறது. வீட்டுக்கு எந்த வழியாகப் போனோம் என்பது நினைவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் ஊரைச் சுற்றினாள். எடை ஏறாத மற்ற நான்கு பேரின் வீட்டுக்கும் போனாள். செவ்வந்தி என்பவள் மட்டும் கதவைத் திறந்து உட்காரவைத்தாள். தலைச்சன் பிள்ளை. மூன்று மாதம் முடியும்வரை அவளுக்கு அட்டவணை கிடைக்கவில்லையாம். நான்காவது மாதத்தில்தான் ஆரம்பித்திருக்கிறாள். அதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் பட்டினி கிடக்கிறாளாம். சொல்லிவிட்டு, தாமதமாகத் தொடங்கியது தப்பில்லையே என்று தையல்நாயகியிடமே கேட்டாள்.

தளத்தில் அழுத்தக் கதவு கசிகிறபோது ஒரு சத்தம் வரும். மெல்லிய, விடாத சீழ்க்கை. அடைத்த பிறகும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாரம் அவளுக்கு அது கேட்டது.

ஞாயிறன்று பரிமளாவிடம், கண் பரிசோதனைக்கு நாகப்பட்டினம் போக வேண்டும், தனியாகப் போக முடியவில்லை, துணைக்கு வா என்றாள். கண் பரிசோதனை உண்மைதான். அது அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஊருக்கு வெளியே இருந்த கரையகத்துக்குக் கூட்டிப்போனாள்.

தளத்திலிருந்து திரும்பி, வீட்டில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிறுவனம் கட்டிய இடம் அது. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. ஏன் வீட்டில் இருக்க முடியாது என்று பரிமளா கேட்டாள். வீட்டில் இருந்தால் யாராவது பாசமாகச் சோறு போட்டுவிடுவார்கள் என்றாள் தையல்நாயகி.

அவர்கள் போனது மதியச் சாப்பாட்டு நேரம். நீளமான கூடத்தில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. பாதிப் பேர் மணற்கோடிப் பிள்ளைகள். தையல்நாயகியோடு ஒரே வகுப்பில் படித்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் எலுமிச்சை அளவு கேழ்வரகுக் களி, ஒரு கரண்டி கீரை, விரல் நீளத்தில் ஒரு துண்டு மீன். அதை அரைமணி நேரம் சாப்பிட்டார்கள். யாரும் பேசவில்லை. முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண் தட்டில் ஒட்டியிருந்த களியை நகத்தால் சுரண்டி வாயில் வைத்தாள். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள்.

விருந்தினருக்கு முழுச் சாப்பாடு. சமையற்காரம்மாள் பரிமளாவுக்கு இலை போட்டுச் சோறும் மீன் குழம்பும் கூட்டும் அப்பளமும் வைத்தாள். இலையில் குழம்பு விழுந்த வாசனை எழுந்ததும், கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் சொல்லாமலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அங்கே அது பழக்கம். பரிமளாவின் கை இலைக்குமேல் நின்றுவிட்டது.

சக்கர நாற்காலியில் இருந்த சூசை மட்டும் உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். தளத்தில் தையல்நாயகியோடு நான்கு வருடம் இருந்தவன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவன் பரிமளாவின் முகத்தையும் கையையும் வயிற்றையும் பார்த்தான்.

"எந்த ஊரு தங்கச்சி?"

"மணற்கோடிதான். இவங்க தம்பி வீடு."

சூசை தையல்நாயகி பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் நிஜமான பதற்றம் இருந்தது. "ஊருல மறுபடி வெள்ளமா? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே."

தையல்நாயகி இல்லை என்று தலையசைத்தாள். அவனுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் கோபப்படவில்லை. நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"எங்கம்மாவுக்கு அப்ப அரிசி இல்ல தங்கச்சி" என்றான். "இருந்துருந்தா தின்னுருக்கும். சாவற வரைக்கும் அதத்தான் சொல்லி அழுதுச்சு. சாப்புடு. நாங்க யாரும் பாக்க மாட்டோம்."

அவனும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பரிமளா சாப்பிட்டாள். முதலில் மெதுவாக, பிறகு அள்ளி அள்ளி. கண்ணீர் இலையில் விழுந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். தையல்நாயகி அவளையும் பார்க்காமல், சுவரையும் பார்க்காமல், கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அன்றோடு பட்டினி நின்றது. குழகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பரிமளா அவனையும் ஒருநாள் கரையகத்துக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவனே தினமும் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கிவந்தான். ஒன்பதாம் மாதத்தில் பரிமளாவின் கன்னம் பழையபடி ஆகிவிட்டது. மற்ற வீடுகளில் பரிமளாவே போய்ப் பேசினாள். சிலர் கேட்டார்கள். செவ்வந்தி கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு காலை வேளையில் பரிமளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிட்டத்தட்ட மூன்று கிலோ. தொடையில் மடிப்பு விழுந்த குழந்தை. தையல்நாயகி தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்தாள். இரண்டு நாள் முன்பு பக்கத்துக் கட்டிலில் செவ்வந்திக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு கிலோகூட இல்லை. கதகதப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த ரத்தமும் வாசிப்பதற்குக் காத்திருந்தது.

தடமானி கோடுகளைத்தான் காட்டும். உண்டு, இல்லை என்று எழுத வேண்டியது வாசிக்கிறவள். தாயின் ரத்தம் கலந்துவிட்டால் இயந்திரம் தடுமாறும் என்பதால் கடைசிச் சொல்லை மனிதரிடம் விட்டிருந்தார்கள்.

செவ்வந்தியின் மகனுக்குத் தடம் இல்லை.

பரிமளாவின் மகளுக்கு இருந்தது. தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், தையல்நாயகியின் ரத்தத்தில் இருப்பதைப் போலவே இருந்தது.

அவள் ரத்தத்தை மாற்றி வைத்துவிட்டோமோ என்று சீட்டுகளைச் சரிபார்த்தாள். மாறவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் இது தெரியும். முதல் மூன்று மாதத்தில்தான் பலகை விழுகிறது. அந்த மூன்று மாதமும் பரிமளா பட்டினி கிடந்திருக்கிறாள். அதற்குப் பிறகு சாப்பிட்டதெல்லாம் குழந்தையின் எடைக்குப் போனது, தடத்தை அழிக்கவில்லை. செவ்வந்தி மூன்று மாதம் கழித்துத் தொடங்கினாள். அவள் பட்டினி பிள்ளையின் எடையைத் தின்றது, தடத்தைத் தரவில்லை. சாப்பிட்டால் தடம் அழிந்துவிடாதா என்ற நப்பாசையில்தான் தையல்நாயகி இதைப் பரிமளாவிடம் சொல்லாமல் விட்டாள். சொல்லியிருந்தால், இனிமேல் சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்டிருப்பாள்.

இப்போது பரிமளாவிடம் சொன்னாள். கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு, குழந்தையைப் பார்க்காமல் சொன்னாள். முன்பே தெரியும் என்பதையும் சொன்னாள்.

குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"எழுதிட்டீங்களா அண்ணி?"

"இன்னும் இல்ல."

"எழுதுனா என்ன ஆகும்?"

"பேரு ஏறிடும். நல்லா படிக்க வைப்பாங்க. வைத்தியம் பாப்பாங்க. இருபது வயசுல எறக்குவாங்க."

"இல்லன்னு எழுதுனா?"

"ஒண்ணும் கெடைக்காது. ஆனா தடம் தடந்தான். ஆயுசுக்கும் அளந்துதான் சாப்புடணும். ஏன்னு கேட்டா அவகிட்ட நீதான் சொல்லணும்."

பரிமளா குழந்தையின் காதை விரலால் நீவினாள். "சொல்லிக்கறேன்" என்றாள். "இல்லன்னு எழுதுங்க."

தையல்நாயகி எழுதப் போனாள். நடுவில் தொங்கிய பச்சைத் திரை விலகியது. செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். பிரசவித்த உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

தன் பிள்ளைக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்று தையல்நாயகி சொன்னதும் அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மிக நிதானமாகப் பேசினாள்.

"நான் ஆறு மாசம் பட்டினி கெடந்தேன் அக்கா. அவங்களுக்கு வேணாம்னு சொல்றாங்க. மாத்தி எழுதிடுங்க. அந்தப் புள்ளைக்கு இருக்கறத எம் புள்ளைக்குப் போட்டுடுங்க. யாருக்கும் நட்டம் இல்ல."

தடம் இல்லாத உடம்பு அந்தச் சோற்றில் ஆறு மாதம் தாங்காது, அங்கே இறங்கினால் உன் பிள்ளை செத்துப்போவான் என்றாள் தையல்நாயகி.

"அது இருபது வருசம் கழிச்சுத்தானே" என்றாள் செவ்வந்தி. "இப்ப அவன் பெட்டிக்குள்ள கெடக்கான். வைத்தியம் இப்பத்தான் வேணும்."

தன் வீட்டுக்கு ஒரு பொய் எழுத ஒத்துக்கொண்டவள், இன்னொரு வீட்டுக்கு எழுத மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தையல்நாயகி போய் உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை என்று பதிந்தாள். ஒன்று உண்மை, ஒன்று பொய். செவ்வந்தியின் மகனை அன்றே வண்டி வைத்துத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ச் சேர்த்தாள். பதினெட்டு நாள் அங்கேயே இருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகும் செவ்வந்தி அவளோடு பேசவில்லை. ஆனால் அன்று கேட்டதை யாரிடமும் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று தையல்நாயகி பலநாள் யோசித்தாள்.

ஒரு பொய் எழுதியவளுக்கு இரண்டாவதை எழுதத் தாமதமாகவில்லை. அந்த வருடம் மணற்கோடியைச் சுற்றி இருபத்தாறு பிள்ளைகள் பிறந்தன. பரிமளாவின் மகள் போக, பதினொரு பிள்ளைகளுக்குத் தடம் இருந்தது. எல்லோருக்கும் இல்லை என்றே எழுதினாள். அந்தப் பதினொரு தாய்மாரிடமும் தனித்தனியாக உண்மையைச் சொன்னாள். இரண்டு பேர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உண்டு என்று எழுதச் சொன்னார்கள். ஒருத்தி சாபம் விட்டாள். தையல்நாயகி எழுதவில்லை. தான் செய்வது சரிதானா என்று அவளுக்கு ஒருநாளும் தெளிவாகவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெயரில் முடிவெடுக்க அவள் யார்? நிறுவனம் எடுத்தாலும் முடிவுதான், அவள் எடுத்தாலும் முடிவுதான். ஆனால் கை நிற்கவில்லை. பெயர்களை எங்கும் எழுதிவைக்க முடியாது. மனதில் வைத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை சைக்கிளில் பதினொரு வீட்டுக்கும் போய், என்ன கொடுக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

அட்டவணை தானாகச் செத்துப்போனது. பட்டினி கிடந்தாலும் பதிவில் பெயர் ஏறுவதில்லை என்ற பேச்சு பரவியதும், பெண்கள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருடம் வைகாசியில் நிறுவனத்திலிருந்து திவாகர் என்பவர் வந்தார். மரியாதையான மனிதர். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பதிவுகளைப் புரட்டினார்.

"இருபத்தாறு பொறப்புல ஒண்ணுகூட இல்ல மேடம்."

"இப்ப எல்லாரும் நல்லா சாப்புடறாங்க சார்."

அவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். சந்தேகப்பட்டாரோ என்னவோ, கேட்கவில்லை. மணற்கோடிப் பதிவு முகாமை மூடப்போவதாகச் சொன்னார். தடமானியை அவரே பெட்டியில் வைத்துப் பூட்டினார். தையல்நாயகிக்குக் கால் தரையில் பாவியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த முகாம் எங்கே என்று பேச்சுக்குக் கேட்டாள்.

மேற்கே வானம் பார்த்த பூமியில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அங்கே இரண்டு வருடமாக மழை இல்லையாம்.

"நாங்க எதுவும் செய்யல மேடம்" என்றார், அவள் முகம் மாறியதைப் பார்த்து. "இருக்கறதத்தான் எடுத்துக்கறோம்."

அன்றே அவள் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தாள். தடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் உத்தரவு இருபதே நாளில் வந்துவிட்டது. பரிமளா முதலில் சண்டை போட்டாள். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள், கொடுத்துச் சாப்பிடவைக்க அங்கே சோறே இல்லையே என்றாள். தெரியாது என்றாள் தையல்நாயகி. பிறகு பரிமளா பதினொரு பெயர்களையும் கேட்டு வாங்கி, இடுப்பில் குழந்தையோடு முற்றத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள்.

அந்த ஊரில் பேருந்து அவளை ஒரு காய்ந்த கண்மாயின் கரையில் இறக்கிவிட்டது. சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஆழிவளத்தின் நீலப் பதாகை ஏற்கெனவே தொங்கியது. தையல்நாயகி பையைக்கூடக் கீழே வைக்காமல், முதலில் இருந்த பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மூன்று மாதம்கூட இருக்காது. உதடு வெடித்திருந்தது.

"காலையில என்னம்மா சாப்புட்ட?"

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், பதாகையைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"எப்படிச் சொன்னா பேரு எழுதுவீங்கக்கா?" என்று கேட்டாள். "சாப்புட்டேன்னா, சாப்புடலைன்னா?"